ரெண்டு வயசுக் குழந்தைக்கு டிவியில் என்ன போடுவது? அவிநாசியிலிருந்து ஒரு அப்பாவின் வழிகாட்டி

எங்கள் பாப்பாவுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது "ஒன், டூ, த்ரீ" என்று பத்து வரைக்கும் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்ல வைத்துக் கைதட்டுவோம். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கத் தெரியாது, குடத்துப் பக்கம் போய் நின்று அழுவாள். இது எங்களுக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நாள் நெருங்கினால் வீடு வர ராத்திரி பத்து மணி. மனைவி பெருந்துறைப் பக்கம் வேலைக்குப் போகிறாள். பகலெல்லாம் பாப்பா என் அம்மாவிடம்தான், அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் காலை எட்டு மணிக்குப் பாட்டு போட்டால் மதியம் தூங்கும்வரை அது ஓடும்.

அப்புறம் நான் செய்ததெல்லாம் சானலை மாற்றியதுதான். இது சரியில்லை என்று அதைப் போட்டேன், அது சரியில்லை என்று இன்னொரு செயலி இறக்கினேன், ஆறு மாதம் இப்படியே போனது. நான் கவனிக்காமல் விட்டது என்னவென்றால், நாங்கள் போட்ட எதுவுமே முடிகிற மாதிரி இல்லை. ஒரு மணி நேரத் தொகுப்பு, அது முடிந்தால் தானாக அடுத்தது. முடியாத ஒன்றை அணைத்தால் எந்தக் குழந்தையும் அழத்தான் செய்யும். முடிகிற நிகழ்ச்சியாகத் தேட ஆரம்பித்த பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சரியானது. நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வயதைப் பாருங்கள்

இரண்டு வயது ஆகவில்லை என்றால் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேலை குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இதுதான்: 1 வயதுக்குள் திரையே வேண்டாம், 1 வயதுக் குழந்தைக்கும் பரிந்துரைக்கவில்லை, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 வயது வரை வேண்டாம் என்றுதான் சொல்கிறது, சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. ஆகவே கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிற அம்மாயியும் அப்புச்சியும் (அம்மா வழிப் பாட்டியும் தாத்தாவும்) போனில் கொஞ்சுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அங்கே குழந்தை ஒன்று சொன்னால் திருப்பி ஒரு பதில் வருகிறது.

"பார்த்துப் பார்த்துத்தானே கற்றுக்கொள்ளும்" என்று நானும் நினைத்தேன். ஆனால் இரண்டரை வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகள் திரையில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பதைத்தான் சுலபமாகப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் பொம்மையை ஒளித்து வைப்பதை டிவியில் காட்டிவிட்டுத் தேடச் சொன்னால் இரண்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் திணறின. அதையே ஜன்னல் வழியாகப் பார்த்த குழந்தைகள் நேராகப் போய் எடுத்துவிட்டன. இரண்டரை வயதில் டிவியில் பார்த்தவர்களும் எடுத்தார்கள். அந்த ஆறு மாதத்தில் அவ்வளவு வித்தியாசம்.

இன்னொன்று, 1 மணி நேரம் என்பது உச்சவரம்பு. ரேஷன் மாதிரி முழுசாக வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. எங்கள் வீட்டில் இப்போது பத்துப் பதினைந்து நிமிடம்தான், பாப்பாவுக்கு ரெண்டே முக்கால் வயது.

2. ரிமோட்டைத் தொடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள்

பூட்டு, பின் நம்பர் எல்லாம் போடுவது அரை மணி நேர வேலை. இதுதான் நாள் பிடிக்கும். என் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "புள்ளை ரெண்டு வாய் திங்கோணுமில்ல கண்ணு, நீ பாட்டுக்கு அமத்திப்போட்டுப் போயிருவ, இங்க நாந்தான கெடந்து அல்லாடறன்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. பகல் முழுக்கக் குழந்தையை வைத்துக்கொள்கிறவருக்கு மாற்று ஏதும் கொடுக்காமல் டிவியை மட்டும் பிடுங்கினால் நீங்கள் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் அது மறுபடி ஓடும். தறி ஓட்டுகிற வீடுகளில், அம்மா அப்பா இரண்டு பேரும் தறியிலேயே நிற்கும்போது, டிவிதான் ஆயா. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் வேண்டாம் என்று ஆரம்பிக்காமல், எதை, எப்போது என்று ஆரம்பியுங்கள். நாங்கள் சாப்பாட்டை மட்டும் முதலில் பிரித்தோம். அரிசிம்பருப்புச் சாதத்தைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவது. எதிர்க் காட்டில் காலையிலும் சாயங்காலமும் மயில் வரும், பக்கத்து வீட்டில் ஒரு கன்றுக்குட்டி. முதல் நான்கு நாள் பாதிக் கிண்ணம்தான் உள்ளே போனது, அம்மாவுக்கு என் மேல் கோபம். ஐந்தாம் நாளிலிருந்து கன்றுக்குட்டிக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய் என்று பழகிவிட்டது. பசித்தால் குழந்தை சாப்பிடும், இதைப் பெரியவர்களிடம் நீங்கள் சொல்லாதீர்கள், டாக்டரைச் சொல்ல வையுங்கள்.

அடுத்தது சீரியல். குழந்தை பார்க்கவில்லை, அது பாட்டுக்கு விளையாடுகிறது, டிவி சும்மா ஓடுகிறது என்போம். சும்மா ஓடும் டிவிக்கும் விலை உண்டு. டிவி ஓடுகிற வீட்டில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது என்று 2009-ல் வந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. வீட்டில் கவனித்துப் பாருங்கள், சீரியல் நேரத்தில் குழந்தை ஏதாவது கேட்டால் "ம்... ம்..." என்றுதான் பதில் வரும். எங்கள் ஒப்பந்தம்: பாப்பா மதியம் தூங்கும் இரண்டு மணி நேரமும் ராத்திரி தூங்கிய பிறகும் அம்மாவுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆறரை மணி சீரியலை விட மாட்டேன் என்றார். அதை அடுத்த நாள் மதியம் செயலியில் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். விளம்பரம் குறைவு என்று இப்போது அவரே அதைத்தான் விரும்புகிறார்.

3. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பூட்டுப் போட உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடினால் கிறுக்குப் பிடிக்கும். ஒரு தாளில் இவற்றை எழுதிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: செட்-டாப் பாக்ஸின் எண்ணும் உள்ளே இருக்கும் கார்டின் எண்ணும் (பெட்டியின் அடியிலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும்), இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அதில் பதிவாகியுள்ள மொபைல் எண், டிவியில் நுழைந்திருக்கும் கூகுள் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும், கட்டணச் செயலிகள் யார் நம்பரில் இருக்கின்றன என்பது.

நான் சிக்கியது அந்த மொபைல் எண்ணில். இணைப்பு அப்பா பெயரில், பதிவான எண் ஐந்து வருடத்துக்கு முன்பே தூக்கிப்போட்ட சிம். பூட்டுக்கான பின் நம்பரை மாற்றக் கேட்டால் ஓ.டி.பி. அந்த நம்பருக்குப் போகிறது. கேபிள்காரரிடம் ஆதார் நகல் ஒன்று, கையெழுத்துப் போட்ட படிவம் ஒன்று கொடுத்து எண்ணை மாற்ற ஒன்பது நாள் ஆனது. செலவு என்று எதுவும் இல்லை, ஜெராக்ஸ் காசுதான், ஆனால் மூன்று நடை. முதலில் இந்த எண்ணைச் சரிபாருங்கள், அது சரியாக இருந்தால் மற்றது ஒரே நாளில் முடியும்.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். குழந்தைக்கென்று சுயவிவரம் (புரொஃபைல்) உருவாக்கும்போது முழுப்பெயர் போட வேண்டியதில்லை, "பாப்பா" என்றால் போதும்.

4. நிகழ்ச்சியைக் குழந்தைக்கு முன் நீங்கள் பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை. கடையில் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுக்கிறோம், குழந்தைக்குப் போடுவதை முகப்புப் படத்தைப் பார்த்து அழுத்துகிறோம். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பாகமாவது முழுசாகப் பாருங்கள், குழந்தை தூங்கும்போது. அரை மணி நேரம் கூட ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது முடிவு. கதை ஆரம்பித்து, நடந்து, முடிந்து, பெயர்கள் ஓடி, திரை நிற்க வேண்டும். பெப்பா பிக் கார்ட்டூனில் ஒரு கதை சுமார் 5 நிமிடம். ஸ்பெயினில் எடுத்த பொகோயோ 7 நிமிடம். வெள்ளைப் பின்னணி, திரையில் இரண்டு மூன்று உருவம்தான், ஒரு குரல் நிதானமாகக் கதை சொல்லும், ரெண்டு வயதுக்கு என் முதல் தேர்வு அதுதான். ஆஸ்திரேலியாவில் 2018-ல் தொடங்கிய புளூயியும் 7 நிமிடம்தான், நல்ல நிகழ்ச்சி, ஆனால் அதிலிருக்கும் விளையாட்டும் கிண்டலும் மூன்று வயதுக்கு மேல்தான் குழந்தைக்குப் பிடிபடும், அதுவரை அதைப் பெரியவர்கள்தான் ரசிப்போம். எச்சரிக்கை: இதே பெயர்களில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கோத்துப் போட்ட தொகுப்புகள் குவிந்து கிடக்கும். தேடினால் அதுதான் முதலில் வரும். அதை எடுக்காதீர்கள், தனிப் பாகமாகத் தேடி எடுங்கள்.

அடுத்து வேகம். போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, காட்சி வெட்டி மாறும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரலை மடக்குங்கள். இரண்டு கை விரலும் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் நான் அதைச் சந்தேகப்படுவேன், மூன்றாவது சுற்று வந்தால் விட்டுவிடுவேன். இது என் சொந்தக் கணக்கு, எந்த ஆய்விலும் இருக்காது. ஆனால் வேகத்துக்கு ஆய்வு இருக்கிறது: 2011-ல் அமெரிக்காவில் 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்பாஞ்ச்பாப் என்ற வேகமான கார்ட்டூன், ஒரு குழுவுக்கு நிதானமான கல்வி நிகழ்ச்சி, மூன்றாவது குழுவுக்குத் தாளும் வண்ணமும் கொடுத்தார்கள். ஒன்பதே நிமிடம். முடிந்தவுடன் பொறுமை, கவனம், யோசித்துச் செய்வது இவற்றைச் சோதித்ததில் கார்ட்டூன் பார்த்த குழு பின்தங்கியது. பார்த்து முடித்த உடனே அளந்தது அது, காலத்துக்கும் அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் டிவியை அணைத்த அடுத்த பத்து நிமிடம் பாப்பா எப்படிச் சோபாவில் ஏறிக் குதிப்பாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அதை நம்புகிறேன்.

பிறகு டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காதால் மட்டும் கேளுங்கள், இல்லை சமையலறையிலிருந்து கேளுங்கள். என்ன நடக்கிறது என்று வார்த்தையிலிருந்து புரிகிறதா? சில நிகழ்ச்சிகளில் "டொய்ங், பூம், ஹாஹா" தவிர ஒரு முழு வாக்கியம் கிடைக்காது. பேச்சு வளர வேண்டிய வயதில் இது வீண். இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டு, குழந்தை பதில் சொல்ல நேரம் விடுகிற நிகழ்ச்சி கிடைத்தால் நல்லது. டோரா அந்த வகை, "எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள், பாப்பா எழுந்து போய்த் திரையைத் தொட்டுக் காட்டுவாள்.

அடிதடி இல்லை என்று நினைத்துப் போடும் கார்ட்டூனிலும் தலையில் வாணலியால் அடித்தால் நட்சத்திரம் பறக்கும், அடி வாங்கியவன் எழுந்து ஓடுவான். ரெண்டு வயதுக்கு அது வேடிக்கை என்று தெரியாது, அப்படியே செய்யும். எங்கள் வீட்டில் கரண்டியால் அடி வாங்கியது என் அண்ணன் மகன், நெற்றியில் ஒரு வீக்கம். அப்புறம் பொம்மை டப்பாவைப் பிரித்துக் காட்டுகிற வீடியோக்கள். அவை நிகழ்ச்சியே இல்லை, முழுநீள விளம்பரம். வீட்டில் நுழைந்தால் அடுத்த சனிக்கிழமை பொம்மைக் கடையில் தரையில் புரண்டு அழும் காட்சி நிச்சயம்.

கடைசியில் ஒரு சோதனை, இதைக் குழந்தைதான் நடத்தும். பார்த்த மறுநாள் டிவி இல்லாத நேரத்தில் அந்தக் கதையிலிருந்து ஏதாவது அதன் விளையாட்டில் வருகிறதா? பெப்பா சேற்றில் குதித்ததைப் பார்த்து, தொட்டித் தண்ணீர் வழிந்த இடத்தில் பாப்பா குதித்தாள். சேற்றிலிருந்து வாரித் தூக்க வேண்டியிருந்தது, துணி துவைத்தது நான், ஆனால் அந்த நிகழ்ச்சி தேறிவிட்டது என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் பார்த்தும் ஒன்றும் வெளியே வரவில்லை, பார்க்கும்போது வாய் திறந்து சிலை மாதிரி இருக்கிறது, அணைத்தால் மட்டும் வீறிடுகிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

5. எந்த மொழியில்

வீட்டில் பேசுகிற மொழியில். எங்கள் பக்கம் இதில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. ஆங்கிலப் பாட்டு போட்டால் குழந்தை ஆங்கிலம் கற்றுவிடும், ஸ்கூல் இன்டர்வியூவுக்கு உதவும் என்று. பாப்பா காக்காயைக் கண்டு "க்ரோ" என்றாள், நாங்கள் பூரித்தோம். ஆனால் அவளோடு விளையாட வரும் குழந்தைகள் யாருக்கும் அது புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை, அதனால் அந்த வார்த்தைக்குப் பதில் பேச்சே வரவில்லை. பதில் கிடைக்கிற வார்த்தைதான் குழந்தையிடம் நிற்கும்.

தமிழில் என்றால் சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007-லிருந்து இருக்கிறது, டோராவைத் தமிழ் பேச வைத்தது அதுதான். பாட்டுக்குச் சென்னையின் சுச்சு டிவியும் பெங்களூரின் இன்ஃபோபெல்ஸும் தமிழில் போடுகின்றன. பாட்டு நல்லதுதான், ஒன்று போட்டு, கூடப் பாடி, அணைத்து, மறுபடி டிவி இல்லாமல் பாடுங்கள். கல்வித் தொலைக்காட்சியைப் பெயரைப் பார்த்துப் போடாதீர்கள். 2019-ல் தமிழக அரசு தொடங்கியது, பள்ளிப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கானது, ரெண்டு வயதுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மொழிமாற்றுத் தமிழ் கொஞ்சம் புத்தகத்தனமாக இருக்கும், பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நம் பேச்சில் திருப்பிச் சொல்லுங்கள். "அதோ பார், பசு" என்று டிவி சொன்னால் "மாடு, நம்ம மாடு மாதிரியே" என்று நீங்கள் சொன்னால் போதும்.

6. எதிலிருந்து போடுவது, எவ்வளவு செலவு

கேபிளில் ஒரு நல்லது இருக்கிறது, நேரம் வந்தால் வரும், முடிந்தால் முடியும், குழந்தை கேட்டதும் மறுபடி வராது. கெட்டது விளம்பரம். மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போட விதி இடம் தருகிறது. எது கதை எது விளம்பரம் என்று இந்த வயதுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. குழந்தைகள் சானலுக்கென்று தனிப் பேக்கேஜ் வாங்கும் முன் ஏற்கெனவே கட்டுகிற தொகையில் எது வருகிறது என்று கேபிள்காரரிடம் பட்டியல் கேளுங்கள், சொல்கிற விலையோடு 18 சதவீத வரி சேரும் என்பதையும் மறக்காதீர்கள். நான் ஐந்து சானல் சேர்த்து நான்கு மாதம் காசு கட்டினேன், பார்த்தது ஒன்றைத்தான்.

யூடியூபில் விளம்பரம் வேண்டாம் என்றால் பிரீமியம், 2024 ஆகஸ்டில் மாதம் 149 ரூபாயாக ஏற்றினார்கள். வேறு யாராவது வீட்டில் அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் சரி, பாப்பாவின் பத்துப் பதினைந்து நிமிடத்துக்காக மட்டும் என்றால் எனக்கு மனசு வரவில்லை. கட்டணச் செயலிகளில் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் அதிலேயே குழந்தைகள் பகுதி இருக்கும், புதிதாக வாங்காதீர்கள்.

எங்களுக்கு உண்மையில் உதவியது 350 ரூபாய் பென் டிரைவ். நானே எடுத்த வீடியோக்கள். அப்புச்சி தோட்டத்தில் கன்றுக்குட்டி பால் குடிப்பது, அம்மாயி சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) பிழிவது, அம்மா தாலாட்டுப் பாடுவது, பக்கத்துத் தறியில் துணி ஓடுவது. ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம், போனைக் கிடையாகப் பிடித்து, ஒரே இடத்தில் நின்று, என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பேசிக்கொண்டே எடுத்தது. கடைசியில் "அவ்வளவுதான், டாட்டா" என்று கை ஆட்டுவோம். பன்னிரண்டு வீடியோ இருக்கிறது, எந்தக் கார்ட்டூனையும்விட பாப்பா அதைத்தான் கேட்கிறாள். விளம்பரம் கிடையாது, நெட் வேண்டாம், அடுத்தது தானாக ஓடாது. (எம்.பி.4 கோப்பாக இருந்தால் பெரும்பாலான டிவிகள் எடுத்துக்கொள்ளும். ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.)

7. பூட்டு

செட்-டாப் பாக்ஸில் பெற்றோர் பூட்டு இருக்கும், அமைப்புகளுக்குள் தேடுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது பின் நம்பர் பெரும்பாலும் 0000 அல்லது 1234. மாற்றாமல் விட்டால் பூட்டே இல்லாத மாதிரி, பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பையன் திறந்துவிட்டான்.

குழந்தைகளுக்கான யூடியூப் செயலியான யூடியூப் கிட்ஸில் வயது கேட்கும். 4 வயது வரைக்குமான பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதோடு நிற்காதீர்கள். குழந்தையின் சுயவிவர அமைப்புகளில், என்ன பார்க்கலாம் என்பதை நானே அனுமதிக்கிறேன் என்று ஒரு வழி இருக்கும், அதைப் போடுங்கள். அப்போது தேடும் வசதி போய்விடும், நீங்கள் டிக் செய்த வீடியோவும் சானலும் மட்டும் வரும். சானலை மொத்தமாக அனுமதிக்காமல் வீடியோவாக அனுமதியுங்கள், முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், பிறகு மாதம் பத்து நிமிடம். டிவியில் தனியாக அந்தச் செயலி இப்போது இல்லை, 2024 ஜூலையிலிருந்து சாதாரண யூடியூபுக்குள் குழந்தை சுயவிவரமாகத்தான் வருகிறது. அதனால் டிவியைப் போட்டதும் யார் சுயவிவரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். என் கணக்கில் கிடந்தால் பூட்டு எதுவும் வேலை செய்யாது.

தானாக அடுத்தது ஓடும் வசதியை எல்லாச் செயலியிலும் அணையுங்கள். எனக்கு இதை அணைக்கத் தெரியாத காலத்தில், ஒரு வீடியோ செயலியில் எண்கள் பாட்டில் ஆரம்பித்தது, நான் குளித்துவிட்டு வருவதற்குள் தெரிந்த கார்ட்டூன் உருவத்துக்கு யாரோ ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கும் வீடியோவில் போய் நின்றது. பாப்பா அன்று ராத்திரி மூன்று தடவை எழுந்தாள். இப்படிப் போலிகள் 2017-லேயே உலகம் முழுக்கப் பெரிய பிரச்சினையாகி ஏராளமாக நீக்கினார்கள், ஆனாலும் வீடியோ ஏற்றுவது யார் என்று பார்க்காமல் விடாதீர்கள். கீழே கருத்துகள் அணைக்கப்பட்டிருக்கும், குழந்தைகளுக்கானது என்று முத்திரை இருக்கும். அது ஏற்றியவர் தானே ஒட்டியது, தரச் சான்றிதழ் கிடையாது.

கட்டணச் செயலிகளில் வரும் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்ற வகைகள் 2021 விதிப்படி வந்தவை. யு என்றால் எல்லாரும் பார்க்கலாம் என்றுதான் பொருள். ரெண்டு வயதுக்கு ஏற்றது என்று எங்கும் சொல்லவில்லை, நான்காம் படியில் சொன்ன சோதனையை அதற்கும் செய்யுங்கள்.

அம்மாவுக்கு இந்த மெனுவெல்லாம் படிக்கத் தெரியாது. ரிமோட்டில் அழுத்த வேண்டிய மூன்று பட்டனுக்கு மட்டும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு வைத்தோம்.

8. எந்த நேரம், எப்படி நிறுத்துவது

சாப்பாட்டோடு வேண்டாம், தூங்கப் போவதற்கு முந்தின 1 மணி நேரம் வேண்டாம், எழுந்தவுடன் வேண்டாம். இதெல்லாம் கழித்தால் எங்கள் வீட்டில் மிஞ்சியது சாயங்காலம் ஐந்து மணி, பால் குடித்த பிறகு. தினமும் அதே நேரம் என்றால் நாள் முழுக்கக் கேட்டு நச்சரிப்பது குறைகிறது.

போடும் முன்பே எத்தனை என்று சொல்லுங்கள். நிமிடக் கணக்கு இந்த வயதுக்குப் புரியாது, "ரெண்டு கதை" புரியும். இரண்டு புளியங்கொட்டையை டிவி முன்னால் வைப்போம், ஒரு கதை முடிந்தால் ஒன்றை டப்பாவில் போடுவாள், இரண்டாவதையும் போட்டால் ரிமோட் அவள் கையில், அணைப்பது அவள். நடுவில் அணைக்காதீர்கள், கரண்டே போனால் ஒழிய. முடிந்த உடனே செய்ய ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும்: கோழிக்குத் தீனி போடுவது, செடிக்குத் தண்ணீர். வெறுமனே அணைத்துவிட்டு நீங்கள் போனை எடுத்தால் கதை கந்தல்தான்.

9. முதல் பத்து நாள்

கஷ்டமாகத்தான் இருக்கும். முதல் மூன்று நாள் எங்கள் வீட்டில் அழுகை முக்கால் மணி நேரம் வரை போனது, தரையில் படுத்து உதைப்பது, ரிமோட்டைத் தூக்கி எறிவது எல்லாம். நான்காம் நாள் என் அப்பாவே மனசு கேட்காமல் போட்டுவிட்டார், மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரத்துக்கு மேல் ஆனபோதுதான் அழுகை பத்து நிமிடமாகக் குறைந்தது. ஷிப்மென்ட் வாரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள், கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போகும் வாரத்திலும் வேண்டாம். அம்மா அப்பாவில் ஒருவராவது நான்கு நாள் லீவு எடுக்க முடிகிற நேரமாகப் பாருங்கள். டிவியை நிறுத்திவிட்டுப் போனைக் கொடுப்பது ஏமாற்று வேலை, அதை நானும் செய்து பார்த்தேன், அதிலிருந்து மீட்பது இன்னும் கஷ்டம்.

10. பேச்சு வரவில்லை என்றால் டிவியோடு நிறுத்தாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். டிவியைக் குறைத்தால் பேச்சு வந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 16 மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, 2 வயதில் "தண்ணி வேணும்" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, வந்த வார்த்தைகள் போய்விட்டன — இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசிகள் இருக்கின்றன, எப்படியும் போவீர்கள், அன்றைக்கே கேளுங்கள், தடுப்பூசி அட்டையோடு குழந்தை சொல்லும் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். காது கேட்கிறதா என்ற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தை வளர்ச்சியைப் பார்க்கவென்றே பிரிவு உண்டு, பணம் செலவாகாது, ஆனால் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் பாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார், அதற்குள் முப்பது வார்த்தை சேர்ந்திருந்தது.

11. ஊருக்குப் போகும்போது

கோபியில் மாமனார் வீட்டு டிவி காலை முதல் ராத்திரி வரை ஓடும். "மாப்பிள்ளைங்க வந்திருக்காங்க, புள்ளைக்குப் பாட்டு போட்டுடு" என்று அத்தை பாசத்தோடு சொல்லும்போது நாம் போய்ச் சட்டம் பேச முடியாது. நாங்கள் அங்கே ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம், எதைப் போட்டாலும் முடிகிற ஒன்றாக இருக்கட்டும் என்பது. அதற்குப் பென் டிரைவ் பையிலேயே இருக்கும். போன பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் அந்த டிவியில் பென் டிரைவ் செருகும் துளை பின்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, விரல் கூட நுழையாது. ஒரு அடி நீட்டிப்பு வயர் 120 ரூபாய்க்குக் கிடைக்கிறது, கிளம்பும் முன்னே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகை நாளில் கடை திறந்திருக்காது.